பக்கத்து அறைக் கதவு: நரம்பைத் தேடிப் போன கணிதர்கள்

(யாழ்ப்பாணத்தில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைத்தவர்கள் எனக்குத் தந்த தலைப்பு ‘கணிதமும் மூளையும்’. ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்குகிற தலைப்பா அது? ஆகையால் ஒரு சிறு கேள்வியாகச் சுருக்கிக்கொண்டேன். பிரயோக கணிதம் படித்த ஒருவர் நரம்பியலுக்குள் எப்படிப் போய்ச் சேருகிறார்? போனவர் அங்கே என்ன செய்கிறார், எப்படி நிலைக்கிறார்?

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையே ‘பிள்ளை பயோவா, மட்ஸா?’ என்று சனம் கேட்கத் தொடங்கிவிடும். பயோ என்றால் வைத்தியர், மட்ஸ் என்றால் பொறியியலாளர். பதினாறு வயதில் எழுப்பிய அந்தச் சுவர் அநேகமாக அறுபது வயது வரை நிற்கும். மூளை எப்படி இயங்குகிறது என்ற கேள்வியோ அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறைக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்ததில் அவரவர் கெட்டித்தனத்துக்கு உள்ள பங்கைவிட, பக்கத்து அறையில் யார் இருந்தார் என்பதற்கு உள்ள பங்கு பெரிது. பரிசோதனை செய்கிற ஒருவர் கதவைத் தட்டியிருக்க வேண்டும், அல்லது கணிதர் போய் அவருடைய கதவைத் தட்டியிருக்க வேண்டும். சில வாழ்க்கைகளை வைத்து இதைச் சொல்லப் பார்க்கிறேன்.

அதற்கு முன் எங்கள் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கி 1855 வரை நடந்தது. யூக்கிளிட்டின் கேத்திரகணிதமும் திரிகோணகணிதமும் வானியலும் அங்கே பாடங்கள். அங்கே படித்த கறோல் விசுவநாதபிள்ளை ‘வீசகணிதம்’ என்ற பெயரில் இயற்கணிதத்தைத் தமிழில் எழுதினார். அதே காலத்தில், 1847இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், சில மைல் தள்ளி மானிப்பாயில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேனாட்டு வைத்தியம் படிப்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வந்தது. மூளையையும் முண்ணாணையும் நரம்புகளையும் மேனாட்டு முறையில் விவரிக்கிற தமிழ் நூல்கள் இந்த வட்டாரத்து முயற்சியால் பிறந்தவை. இயற்கணிதமும் நரம்பும் ஒரே தலைமுறையில், ஒரு மாட்டுவண்டிப் பயணத் தூரத்துக்குள், தமிழில் அச்சேறின. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு உலகத்தில் எங்குமே அவை இரண்டும் அநேகமாகப் பேசிக்கொள்ளவில்லை.

பேசத் தொடங்கியது ஒரு கணவாயால். நாங்கள் கறி வைக்கிற கணவாயின் இனந்தான். ஆபத்து வந்தால் அது நீரைப் பீச்சிக்கொண்டு பாயும். அப்படிப் பீச்சும் தசைகளுக்கு ஒரே நேரத்தில் கட்டளை போக வேண்டும் என்பதால் அதன் நரம்புநார் ஒன்று அரை மில்லிமீற்றர் அளவுக்குத் தடித்திருக்கிறது. மனித உடலின் தடித்த நரம்புநாரே ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்குதான். கேம்பிறிட்ஜைச் சேர்ந்த அலன் ஹொட்ஜ்கினும் அன்ட்ரூ ஹக்ஸ்லியும் 1939இல் இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரை ஆய்வுகூடத்தில் அந்த நாருக்குள்ளேயே ஒரு மின்வாயைச் செலுத்தி, நரம்புத் துடிப்பின் மின்னழுத்தத்தை உள்ளிருந்து அளந்தார்கள். சில வாரங்களில் போர் வந்தது. ஒருவர் ராடார் வேலைக்குப் போனார், மற்றவர் பீரங்கிகளின் குறியைக் கணிக்கப் போனார்.

போர் முடிந்து திரும்பி வந்து 1952இல் வெளியிட்ட கட்டுரைத் தொடரின் கடைசிக் கட்டுரையில் அந்தச் சமன்பாடுகள் வந்தன. நரம்பின் சுவரூடாக சோடியம் அயன்கள் உள்ளே பாய்கின்றன, பொட்டாசியம் அயன்கள் வெளியே வருகின்றன, கொஞ்சம் கசிகிறது. ஒவ்வொன்றும் மின்னழுத்தத்தைப் பொறுத்து எவ்வளவு வேகமாகத் திறந்து மூடுகிறது என்பதுதான் விஷயம். நான்கு வகையீட்டுச் சமன்பாடுகள். இவற்றைத் தீர்த்தால் துடிப்பு என்ன வேகத்தில் ஓடும் என்று தெரியவரும். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினியோ அப்போது திருத்தவேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி கையால் சுற்றும் பிறன்ஸ்விகா கணக்குப் பொறியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று கிழமையளவு சுற்றினார். விடை செக்கனுக்கு 18.8 மீற்றர். உண்மையான நாரில் அளந்த வேகம் 21.2 மீற்றர். நாரை ஓரிடத்தில் பிடித்துவைத்து அளந்த அளவைகளை மட்டும் வைத்து, ஓடுகிற துடிப்பின் வேகத்தை இவ்வளவு கிட்டத்தில் சொன்னார்கள்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது வேறொரு இடம். பொட்டாசியப் பாய்ச்சலை ஒரு கணியத்தின் நான்காம் அடுக்காக எழுதுகிறார்கள். ஐந்தாம் அல்லது ஆறாம் அடுக்குப் போட்டால் அளவைகளோடு இன்னும் கொஞ்சம் நன்றாகப் பொருந்தும். ஆனால் அந்தச் சிறு நன்மைக்காக இவ்வளவு சிக்கல் தேவையில்லை என்று அவர்களே ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள். பின்னர் 1976இல் நேயரும் சக்மனும் தனியொரு அயன் வாயிலினூடு ஓடும் மின்னோட்டத்தை அளந்தார்கள். 1998இல் றொடெரிக் மக்கினன் ஒரு பொட்டாசிய வாயிலின் வடிவத்தையே கண்டார். ஒரே மாதிரியான நான்கு துண்டுகள் சேர்ந்து அமைந்த வாயில் அது. ஆறு என்று போட்டிருந்தால் பொருத்தம் கூடியிருக்கும், உண்மை தள்ளிப் போயிருக்கும். இதில் அதிர்ஷ்டமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற அந்தக் கணிப்புத்தான் பிரயோக கணிதரின் தொழில்.

கவனியுங்கள், இந்த இருவரும் கணிதத் துறைக்காரர் அல்லர். உடற்றொழிலியல்காரர், தேவைக்குக் கணிதம் செய்தவர்கள். அப்படியானால் அதே கேம்பிறிட்ஜில் அதே ஆண்டுகளில் பிரயோக கணிதம் செய்துகொண்டிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? அவர்களில் ஒருவர் எங்கள் ஆள்.

கிறிஸ்ரி ஜெயரட்ணம் எலியேசர் 1918 ஜூன் 12இல் பிறந்தார். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி, பின் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, அதன் பின் கேம்பிறிட்ஜ் கிறைஸ்ற் கல்லூரி. அங்கே பௌதிகத்தின் பெரிய தலைகளில் ஒருவரான போல் டிறக்கிடம் ஆராய்ச்சி. 1943இல் வந்த அவருடைய கட்டுரை ஐதரசன் அணுவைப் பற்றியது. கதிர்வீச்சால் இலத்திரன் மீது திரும்பி விழும் விசையையும் சேர்த்து டிறக் எழுதியிருந்த சமன்பாட்டை அவர் எடுத்தார். நேர்கோட்டில் புரோத்தனை நோக்கி விழுகிற இலத்திரன் போய் மோத வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மோதாது, நின்று திரும்பி ஓடிவிடும் என்று எலியேசர் காட்டினார். சமன்பாட்டைக் கடைசி வரை நம்பிப் போனால் அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று ஒளிக்காமல் சொன்ன கட்டுரை அது. இன்றும் அந்தத் துறைக்காரர் அதைச் சுட்டுகிறார்கள்.

1949இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர், 1959இல் மலாயாப் பல்கலைக்கழகம், 1968இல் மெல்பேணில் லா ட்ரோப் பல்கலைக்கழகம் என்று அவருடைய வாழ்க்கை நகர்ந்தது. நேரத்தோடு விறைப்பு மாறுகிற சுருள்வில்லைப் போன்ற அலையத்தைப் பற்றி 1976இல் கிறே என்பவரோடு சேர்ந்து எழுதிய சிறு கட்டுரை அலையங்களைப் படிக்கிறவர்களிடையே நிலைத்துவிட்டது. 2001 மார்ச்சில் காலமானார். நரம்பின் பக்கம் அவர் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவும் இல்லை. டிறக்கின் மாணவருக்குப் பக்கத்து அறையில் இருந்தது இலத்திரன். 1943இல் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் போர் வேலையில் இருந்தார்கள். எலியேசரின் வாழ்க்கை எனக்கு இங்கே வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. வடமராட்சிப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து உலகத் தரமான பிரயோக கணிதம் வரமுடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆகவே எங்களிடம் குறைந்தது கணிதம் இல்லை.

நரம்புக்குள் உண்மையாகவே போன தமிழ்நாட்டுக் கணிதர்களைப் பார்க்கப் பாக்குநீரிணையைத் தாண்ட வேண்டும்.

சென்னை மயிலாப்பூரில் ‘ஏகாம்ர நிவாஸ்’ என்றொரு வீடு. அல்லாடி ராமகிருஷ்ணன் அங்கே தன் வீட்டிலேயே கோட்பாட்டுப் பௌதிகக் கருத்தரங்கு நடத்தினார். 1960இல் பௌதிக அறிஞர் நீல்ஸ் போர் அங்கே வந்திருக்கிறார். அதிலிருந்து கிளம்பிய முயற்சிதான் 1962 ஜனவரியில் கணித அறிவியல் நிறுவனமாக ஆனது. ராமகிருஷ்ணனின் முதல் சாதனை 1950இல் வந்தது. விண்ணிலிருந்து வரும் கதிர் வளிமண்டலத்தில் மோதினால் ஒரு துணிக்கை இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகும். எந்தச் சக்தியில் எத்தனை துணிக்கைகள் இருக்கும்? எண்ணிக்கை எழுந்தமானமானது, சக்தியோ தொடர்ச்சியானது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கையாள ‘பெருக்க அடர்த்தி’ என்ற கருவியை அவர் கொண்டுவந்தார். ஒரு புள்ளி இங்கே இருப்பதற்கும் இன்னொன்று அங்கே இருப்பதற்கும் சேர்த்து என்ன நிகழ்தகவு என்று எழுதுவதுதான் அதன் சாரம். அந்தப் புள்ளி எதைக் குறிக்கிறது என்று கருவிக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

அவருடைய ஆரம்ப மாணவர்களில் ஒருவர் எஸ். கே. ஸ்ரீனிவாசன். சென்னை ஐ.ஐ.டி.யின் கணிதத் துறையில் பணியாற்றியவர். 1969இல் அவருடைய நூல் அண்டக் கதிர் பெருகுவதைப் பற்றியது. 1974இல் வந்தது எழுந்தமானப் புள்ளித் தொடர்களும் அவற்றின் பிரயோகங்களும் பற்றிய நூல். 1977இல் ஜி. சம்பத்தோடு சேர்ந்து ஸ்பிறிங்கர் நிறுவனத்தின் உயிர்க்கணித வரிசையில் வெளியிட்ட நூலின் பொருள் தனி நரம்புக்கலத்தின் துடிப்புத் தொடர். பிறகு இயந்திரங்களின் நம்பகம், களஞ்சிய இருப்பு என்று போனார். ஒருவர் ஏன் இப்படிக் கதிரிலிருந்து நரம்புக்கும், நரம்பிலிருந்து இயந்திரத்துக்கும் தாவுகிறார் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் கேட்கலாம். உள்ளேயிருந்து பார்த்தால் அவர் அசையவே இல்லை. நேரக் கோட்டில் எழுந்தமானமாக விழும் புள்ளிகளைத்தான் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ராஜமன்னாரோடு 1970இல் எடுத்துக்கொண்ட கணக்கு ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் அது அழகான கணக்கு. அவுஸ்திரேலியாவின் சிட்னியில் பிஷப், லெவிக், வில்லியம்ஸ் என்ற மூவர் 1964இல் பூனையின் பார்வைப் பாதையிலுள்ள நரம்புக்கலங்களின் துடிப்புகளை இருட்டில் பதிந்திருந்தார்கள். இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தை அளந்து வரைபடம் போட்டால் ஒரு மேட்டுக்குப் பதில் பல மேடுகள் வந்தன. ஏன்? ஒல்லாந்தைச் சேர்ந்த ரென் ஹூப்பனும் ரூவரும் ஒரு விளக்கம் தந்தார்கள். நரம்புக்கலத்துக்கு இரண்டு ஓடைகளில் செய்தி வருகிறது. ஒன்று தூண்டுகிறது, மற்றது தடுக்கிறது. தடுக்கும் செய்தி ஒன்று வந்தால், அதற்கு அடுத்து வரும் தூண்டல் ஒன்று அழிந்துவிடும். பருத்தித்துறை பஸ் இருபது நிமிடத்துக்கு ஒன்று என்று வையுங்கள். ஒன்று பழுதானால் நீங்கள் நாற்பது நிமிடம் நிற்பீர்கள், இரண்டு பழுதானால் அறுபது. காத்திருப்பு நேரங்களை வரைந்தால் இருபதில் ஒரு மேடு, நாற்பதில் ஒன்று, அறுபதில் ஒன்று. இரண்டு ஓடைகளும் எழுந்தமானமானவை என்று வைத்து, அழிந்தது போக மிஞ்சும் துடிப்புத் தொடரின் பண்புகளைத் துல்லியமாக எழுதுவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைத்தான் சென்னைக்காரர் எடுத்தார்கள். அண்டக் கதிருக்குச் செய்த கருவி அப்படியே கை கொடுத்தது.

அதே நகரில் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். வாசுதேவனும், அவரோடு பி. ஆர். விட்டலும் 1980களின் தொடக்கத்தில், மின்னழுத்தம் கசியும் நரம்புக்கலத்தைப் பற்றி எழுதினார்கள். ஆக, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்குச் சென்னை இந்தச் சிறு துறையில் உலகத்தில் பெயர் சொல்லக்கூடிய இடமாக இருந்தது. இது எங்கள் ஆட்களுக்கே அநேகமாகத் தெரியாது.

ஆனால் அந்தக் கட்டுரைகளை வாசிக்கும்போது எனக்கு ஒரு ஏக்கம் வரும். பூனை சிட்னியில், விளக்கம் ஒல்லாந்தில், தீர்வு சென்னையில். தீர்வு கண்டவர் ‘இந்த அளவையை மாற்றி இன்னொரு தரம் பதிந்து பார்ப்போமா?’ என்று கேட்கக்கூடிய தூரத்தில் பூனைக்காரர் இல்லை. கணிதம் முழுமையடைந்தது, உரையாடல் அரைவாசியில் நின்றது. இது என் வாசிப்பு. அவர்களுடைய மாணவர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

அந்த மற்ற அரைவாசி எப்படி இருக்கும் என்று பார்க்க நான்சி கோப்பலின் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் துறையின் முழு வடிவம் அவருடைய வாழ்க்கையில்தான் கிடைக்கிறது.

1942இல் நியூயோர்க்கில் பிறந்தவர். பேர்க்லியில் ஸ்டீபன் ஸ்மேலிடம் 1967இல் கலாநிதிப் பட்டம். ஸ்மேல் தூய கணிதத்தின் உச்சியில் இருந்தவர். கோப்பலும் தூய கணிதராகத்தான் கிளம்பினார். எம்.ஐ.ரி.யில் பக்கத்து அறை குறுக்கிட்டது. லூயிஸ் ஹவர்ட் என்ற பிரயோக கணிதர் ஒரு விநோதமான இரசாயனத் தாக்கத்தைக் காட்டினார். பெலோசோவ், சபோற்றின்ஸ்கி என்ற ரஷ்யர்களின் பெயரால் அறியப்படும் அந்தக் கலவை நிறம் மாறும், திரும்ப மாறும், மணிக்கூடு போல மாறிக்கொண்டே இருக்கும். உயரமான கண்ணாடிக் குழாயில் ஊற்றினால் வரிவரியாகப் பட்டைகள் தோன்றி மெல்ல நகரும். பார்ப்பவர் எல்லோரும் அலை ஓடுகிறது என்றுதான் சொல்வார்கள். 1973இல் கோப்பலும் ஹவர்டும் காட்டியது, எதுவுமே ஓடவில்லை என்பதை. ஒவ்வொரு மட்டத்திலும் உள்ள திரவம் தன்பாட்டில் அலைகிறது. மேல்மட்டத்தின் வேகம் வேறு, கீழ்மட்டத்தின் வேகம் வேறு. அந்த வேறுபாடு சேரச்சேரக் கண்ணுக்குப் பட்டை நகர்வது போலத் தெரிகிறது.

இந்த ஒரு எண்ணத்தோடு அவர் அரை நூற்றாண்டு நடந்தார். ஒரு சங்கிலி, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு அலையம், பக்கத்துக் கண்ணியோடு சிறு தொடர்பு. இந்தச் சங்கிலி என்ன செய்யும்? பார்ட் எர்மன்ட்ராவுட் என்ற இளைஞர் சிக்காகோவில் ஜாக் கவனிடம் படித்துவிட்டு வந்து சேர்ந்தார். 1984இல் இருவரும் எழுதிய கட்டுரைக்குப் பின்னணியில் இருந்தது குடல். சிறுகுடலின் சுவரில் மெதுவான மின் அலைவுகள் உண்டு. மேலிருந்து கீழே போகப்போக அவற்றின் வேகம் குறையும். ஆனால் சீராகக் குறையாது, படிப்படியாகக் குறையும். அந்தப் படிகள் ஏன் வருகின்றன என்பதைச் சங்கிலி சொன்னது.

பிறகு லாம்ப்ரே வந்தது. விலாங்கைப் போல நீண்ட, தாடையில்லாத, பழைய இனத்து மீன். நெளிந்து நீந்தும். அவிஸ் கோஹன் என்ற உயிரியலாளர் அதன் முண்ணாணைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். முண்ணாணைத் தனியே எடுத்து ஒரு தட்டில் வைத்து இரசாயனத்தால் தூண்டினாலும் அது நீந்துகிற தாளத்தை வெளியிட்டுக்கொண்டிருக்கும். மூளையும் வேண்டாம், தசையும் வேண்டாம். ஏறத்தாழ நூறு துண்டங்கள். ஒவ்வொரு துண்டமும் முந்திய துண்டத்தை விட ஒரு சுற்றில் நூறில் ஒரு பங்கு பிந்துகிறது. ஆகவே உடம்பு முழுவதிலும் எப்போதும் ஒரேயொரு முழு அலை. மெதுவாக நீந்தினாலும் அதே, வேகமாக நீந்தினாலும் அதே. இதுதான் புதிர். செய்தி ஒரு துண்டத்திலிருந்து அடுத்ததுக்குப் போக எடுக்கும் நேரந்தான் பிந்துவதற்குக் காரணம் என்றால், வேகம் மாறும்போது பிந்தும் பங்கும் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. அப்படியானால் பிந்துதல் அலையங்களின் தொடர்பிலேயே இருக்கிறது. குழாயில் பார்த்த பட்டைகள் இங்கே திரும்ப வந்தன.

கோப்பலும் எர்மன்ட்ராவுட்டும் ஒருபடி மேலே போனார்கள். தலைப்பக்கத் தொடர்பும் வாற்பக்கத் தொடர்பும் சமனாக இருக்க முடியாது, ஒரு திசை மற்றதை மேவி நிற்கும் என்று சமன்பாடு சொன்னது. சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்து வேறொரு தாளத்தில் ஆட்டினால் எந்தத் திசை மேவுகிறது என்று தெரிந்துவிடும். தெல்மா வில்லியம்ஸும் கரன் சிக்வாட்டும் லாம்ப்ரேயின் முண்ணாணின் ஒரு முனையை இயந்திரத்தால் ஆட்டி அளந்து பார்த்தார்கள். 1990இல் வெளிவந்த கட்டுரையில் பரிசோதனை செய்தவர்களும் கணிதர்களும் ஒன்றாகப் பெயர் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெயர் வரிசையைப் பார்த்துத்தான் எனக்குச் சென்னையை நினைத்து ஏக்கம் வந்தது.

அதன் பின் கோப்பல் மூளையின் தாளங்களுக்குப் போனார். பொஸ்ரன் பல்கலைக்கழகத்தில், 1986 முதல். இன்று சத்திரசிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கப் பயன்படும் புரோப்போபோல் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். மயங்கியவரின் முன்நெற்றிப் பக்கத்தில் செக்கனுக்குப் பத்துத் தடவை அளவில் சீரான மின் அலைவு தோன்றும். மயக்க மருத்துவரும் புள்ளிவிபரவியலாளருமான எமெரி பிறவுணும் கோப்பலும் மற்றவர்களும் 2010இல் அதற்கு விளக்கம் தந்தார்கள். மருந்து தடுப்புச் செய்திகளை வலுவாக்குகிறது, அவை அடங்கும் நேரத்தையும் நீட்டுகிறது. அதனால் பெருமூளைப் புறணியும் அதற்குச் செய்தி அனுப்பும் உள்மையமும் ஒரே தாளத்தில் பூட்டிக்கொள்கின்றன. பூட்டிக்கொண்ட இடத்தில் புதுச் செய்தி புக வழியில்லை. இரசாயனக் குழாயில் தொடங்கியவர் சத்திரசிகிச்சைக் கூடத்தில் வந்து நிற்கிறார். இடையில் எத்தனை அறைகளின் கதவு திறந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

தமிழ்ப் பெயர் ஒன்றும் சொல்ல வேண்டும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பிரயோக கணிதப் பேராசிரியர் சிவபால் சிவலோகநாதன். மூளையைச் சூழ்ந்த நீர் வடியாமல் தேங்கி, குழந்தைகளின் தலை வீங்கும் நோயைப் பற்றிய கணிதம் அவருடையது. 1990களின் கடைசியில் வந்த அந்தக் கட்டுரைகளில் அவரோடு சேர்ந்து எழுதியவர்களில் ஒருவர் ரொறன்ரோ சிறுவர் மருத்துவமனையின் மூளை அறுவை நிபுணர் ஜேம்ஸ் டிறேக். அங்கேயும் கதவு திறந்துதான் இருந்தது.

இனி இங்கே வருவோம். யாழ்ப்பாண வளாகம் 1974இல் தொடங்கியபோது அதன் விஞ்ஞான பீடம் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரி வளவில்தான் இயங்கியது. செமினரி இருந்த ஊருக்கே கணிதம் திரும்பி வந்தது என்று சொல்லலாம். 1978இல் மருத்துவ பீடம் கைதடியில் தொடங்கியது. பின்னர் இரண்டும் திருநெல்வேலிக்கு வந்தன. கணிதத் துறைக்கும் உடற்கூற்றுத் துறைக்கும் இடையே சைக்கிளில் சில நிமிடந்தான். கிறீன் காலத்தில் மாட்டுவண்டித் தூரமாக இருந்தது அவ்வளவுக்குச் சுருங்கிவிட்டது.

அந்தச் சில நிமிடத்தை ஒரு தடவை நான்கு பேர் கடந்தார்கள். உடற்கூற்றுத் துறைத் தலைவர் ரஜனி திராணகம, உளமருத்துவர் தயா சோமசுந்தரம், கணித விரிவுரையாளர்கள் ராஜன் ஹூல், க. ஸ்ரீதரன். ஒரு உடற்கூற்றியலாளர், ஒரு உளமருத்துவர், இரண்டு கணிதர்கள். வேறு நாடாக இருந்திருந்தால் இந்த நால்வரும் சேர்ந்து மூளையைப் பற்றி எழுதியிருக்கக்கூடும். இங்கே அவர்கள் சேர்ந்து எழுதியது, போரைப் பதிவு செய்த ‘முறிந்த பனை’ என்ற நூல். நாடு நடந்துகொண்டிருந்த விதம் அப்படி. பதிவு செய்ய வேண்டியிருந்தது நரம்பின் துடிப்பை அல்ல. 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி ரஜனி வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நூலின் கருத்துகளோடு உடன்படுகிறவரும் உடன்படாதவரும் இந்தச் சபையில் இருப்பீர்கள். அந்த விவாதத்துக்கு இது இடமில்லை. துறைகளுக்கு இடையிலான கதவை எங்கள் ஊரில் திறக்கவே முடியாது என்று யாராவது சொன்னால், திறந்திருக்கிறார்கள் என்று பதில் சொல்லத்தான் இதை எடுத்தேன்.

பெற்றோர் கேட்கக்கூடிய கேள்வி தெரியும்: இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? நேரடியாகச் சொல்கிறேன். இந்தப் பெயரில் விளம்பரம் வருகிற வேலைகள் இலங்கையில் அரிது. ஆனால் வகையீட்டுச் சமன்பாடும் நிகழ்தகவும் கணினி நிரலாக்கமும் தெரிந்து, அதோடு ஒரு நரம்புக்கலத்தையும் அறிந்த பட்டதாரிக்கு வெளியே ஆராய்ச்சிக் கதவுகள் உண்டு. மயக்க மருந்து, வலிப்பு நோய், செயற்கைக் காது என்று எங்கும் இந்தக் கணக்கு வேண்டும். ஹக்ஸ்லி மூன்று கிழமை சுற்றிய கணக்கை இன்று உங்கள் பிள்ளையின் மடிக்கணினி கண் இமைக்க முன் போட்டுவிடும். கருவி இப்போது தடையே இல்லை.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர் லூயி லப்பிக் 1907இல் போட்ட வழி இது. நரம்புக்கலத்தை ஒரு கசிகிற மின் கொள்ளளவியாக எடுங்கள். மின்னழுத்தம் ஏறுகிறது, ஏற ஏறக் கசிகிறது. கசியும் நேர மாறிலி 20 மில்லிசெக்கன். ஓய்வு நிலையிலிருந்து 15 மில்லிவோல்ற் ஏறினால் கலம் துடித்துவிட்டுப் பூச்சியத்துக்குத் திரும்பும். கசிந்தும் கடைசியில் 20 மில்லிவோல்ற் வரை ஏற்றக்கூடிய நிலையான ஓட்டத்தைக் கொடுத்தால், இரண்டு துடிப்புக்கு இடையே எவ்வளவு நேரம்? நேர மாறிலியான இருபதை, 20/(20−15) ஆகிய நான்கின் இயற்கை மடக்கையால் பெருக்குங்கள். 27.7 மில்லிசெக்கன் வரும். செக்கனுக்கு 36 துடிப்பு. 20 மில்லிவோல்ற்றை 16 ஆக்கினால் 18 துடிப்பு. 15 ஆக்கினால் துடிப்பே இல்லை. இது வரை இணைந்த கணிதம், உங்களில் மட்ஸ் படிக்கிற யாரும் போடலாம்.

ஆனால் உண்மையான நரம்புக்கலம், சராசரியாக 15ஐ எட்டாத ஓட்டத்திலும் இடைக்கிடை துடிக்கிறது. சீராகத் துடிக்காது, முன்பின்னாகத் துடிக்கும். ஏன் என்று உங்கள் வகுப்பிலிருந்து பயோவுக்குப் போன நண்பரிடம் கேளுங்கள். நரம்புக்கலத்தில் எத்தனை தூண்டல்கள், எத்தனை தடுப்புகள் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன என்று அவர் சொல்லுவார். அதை வாங்கிக்கொண்டு வந்து மேலே சொன்ன கணக்கில் எழுந்தமானத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஸ்ரீனிவாசனும் வாசுதேவனும் விட்ட இடத்துக்கு வந்து சேர்வீர்கள்.